அழிப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் பூட்டு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படம் செய்கிற இடம் எங்களுடையது. மூன்று அறை, ஒரு கூடம், கூடத்து மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் சர்வர், அதன் பக்கத்தில் இவர். நான் மிருகங்களை நடக்க வைக்கிறவள். எதிர் மேஜையில் இருக்கும் பெண் மேகமும் வெயிலுமாக வரைந்து தள்ளுவாள் என்பதால் அவளுக்கு வானம் என்றே பெயர். எங்கள் எல்லோரையும் கட்டி மேய்க்கிற முதலாளியம்மாவுக்குப் பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நாங்கள் வரைகிற ஒவ்வொரு காட்சியும் சர்வரில் தனித்தனியாக இருக்கும். சப்வால்யூம் என்பார் இவர். நாங்கள் சுலபமாகக் கிளை என்போம். ஒரு கிளைக்கு இன்னொரு பிரதி எடுப்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அழிக்க மட்டும் முடியாது. அது நிர்வாகியின் உரிமை, நிர்வாகி இவர். வீட்டுக்குள் எதை வேண்டுமானாலும் வாங்கி அடுக்கிக்கொள், குப்பையை வெளியே கொட்டும் கதவுக்குச் சாவி என்னிடம்தான் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும்? எங்கள் சர்வர் அப்படித்தான் இருந்தது. எப்போது பார்த்தாலும் நிரம்பி வழியும்.

அழிக்கச் சொல்லிப் போனால் சும்மா அழித்துவிடவும் மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். உள்ளே பார்த்தியா? வேற யாருக்காவது வேணுமா? நாளைக்கு வந்து கேக்க மாட்டியே? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் விரல் அசையும்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது, எங்கள் கல்யாணமே அந்தத் தடுப்புக்கு வெளியே நின்று நின்று வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தேவைக்கு மேலேயே பிரதி எடுப்பேன். எடுத்தால்தானே அழிக்கச் சொல்லிப் போகலாம். அந்த மூன்று கேள்வியை அவர் கேட்கிற அழகு அப்போது எனக்குப் பிடித்திருந்தது. கட்டிக்கொண்ட பிறகு அதே கேள்வியை வீட்டில் பழைய செய்தித்தாளுக்கும் உடைந்த குடைக்கும் கேட்கிறார். இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்வதில்லை.

ஆனால் ஒரு லீவு நிம்மதியாகப் போனதில்லை. கடற்கரைக்குப் போனால் அங்கே போன் வரும், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று. மனிதர் மணலில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். நான் தனியாக அலையில் கால் நனைத்துவிட்டு வருவேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்த கரடிப் படம் முடிகிற நேரத்தில் இவருடைய இடது கண்ணில் திரை விழுந்தது. ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்குகிறது என்று இரண்டு நாள் சொல்லாமலே இருந்திருக்கிறார். கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, விழித்திரை பிய்ந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார். கண்ணுக்குள் வாயு ஏற்றுவார்களாம். அந்த வாயு மேலே எழும்பித் திரையை ஒட்ட வைக்கிற வரை ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "அவர் நிமிர்ந்து உக்காந்து கம்ப்யூட்டரைப் பாத்துட்டு இருந்தா, நான் செஞ்சது எல்லாம் வீணாயிடும். அந்தக் கண்ணு திரும்ப வராது. பாத்துக்கோங்க."

இவரை எனக்குத் தெரியாதா? ஆபீசிலிருந்து ஒரு போன் வந்தால் போதும், கண்ணாவது மூக்காவது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவரை ஆபீசுக்குத்தான் அழைத்துப் போனேன். அழிக்கிற உரிமையை எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஆபரேஷன் என்றேன்.

அவரவர் கிளையை அவரவரே அழித்துக்கொள்ள வழி இருக்கிறது. சர்வரின் அமைப்பில் ஒரே ஒரு சொல் சேர்க்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதில் குப்பைத் தொட்டி கிடையாது, அழித்தால் அழிந்ததுதான், உங்களுக்கெல்லாம் அவசரக் கை என்று முனகினார்.

"உங்களுக்குக் கண்ணு வேணுமா, டிஸ்க் வேணுமா?" என்றேன்.

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிறகு அந்தச் சொல்லை அடித்து, சர்வரை அணைத்து ஏற்றி, கண்ணாடித் தடுப்பை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்தார். கூடத்தில் வானம் கை தட்டினாள். இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளை வட்டமாக அடுக்கி நடுவில் முகத்துக்கு ஓட்டை விட்டேன். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையோடு பேசினார். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல். அவருடைய போன் என் கைப்பையில். பகலில் நான் ஆபீஸ் போகும்போது என் அண்ணன் வந்து காவல் இருந்தான். மாப்பிள்ளையின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே பேசுவது வசதியாக இருக்கிறது, எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிறார் என்று அண்ணன் சொன்னான்.

ஆபீசில் திருவிழாதான். ஆளாளுக்குத் தங்கள் பழைய கிளைகளை அழித்துத் தள்ளினார்கள். டிஸ்க்கில் இடம் பிறந்தது. நானும் என் பங்குக்கு உட்கார்ந்தேன். அந்தப் படத்தின் உயிரே என்னிடம் இருந்த காட்சிதான். பெரிய கரடி ஒன்று தூங்குகிற குட்டியை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறும். அதை வரைந்து முடித்திருந்தேன். என்னிடம் கரடி என்று ஒரு கிளை, கரடி பழசு என்று ஒரு பிரதி. பழசு எதற்கு என்று அழிக்கக் கட்டளை அடித்து எண்டரைத் தட்டினேன்.

தட்டிவிட்டு இரண்டு விநாடி காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மூன்று கேள்விக்காக. இத்தனை வருஷம் அவர் கேட்டுக் கேட்டுப் பழகிய கை, இப்போதும் யாரோ கேட்கத்தான் போகிறார்கள் என்று நம்பிக்கொண்டு தட்டிவிட்டது. யாரும் கேட்கவில்லை. கீழ் வரியில் கர்சர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது.

கரடியைத் திறந்து பார்த்தேன். வெறும் பென்சில் கோடு. முந்தின வாரம் பிரதி எடுத்தபோது, மறந்துபோய் அந்தப் பிரதிக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்து முடித்திருக்கிறேன். பழசு என்று பெயர் போட்டதில்தான் புதுசு இருந்தது. உள்ளே பார்த்தியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருக்கும். கர்சரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

முதலாளியம்மா பதறிப்போய் அவரைக் கேள் என்றார். ஏதாவது வழி வைத்திருப்பார், உன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் என்றார். நான் முடியாது என்றேன். விஷயம் காதில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குறுக்கே நான் படுத்தாலும் தாண்டிக்கொண்டு வந்து திரையைப் பார்ப்பார். பார்த்தால் கண் போனதுதான்.

"கரடியை நான் மறுபடி வரைஞ்சிடுவேன். அவர் கண்ணை என்னால வரைய முடியாது" என்றேன். முதலாளியம்மா வரைபலகையைத் தானே கழற்றி என் பையில் வைத்தார். வானத்திடமும் மற்றவர்களிடமும், எங்கள் வீட்டுக்கு யாராவது மூச்சு விட்டீர்களோ தொலைத்துவிடுவேன் என்று எச்சரித்தார்.

வீட்டில் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். அண்ணனுக்கும் சொல்லவில்லை. பென்சில் கோடு மிச்சம் இருந்ததால் படிகள் இருந்தன, கரடி எங்கே கால் வைக்கிறது என்பதும் இருந்தது. கரடிதான் இல்லை. முதல் நாள் வரைந்ததெல்லாம் மூட்டை மாதிரி வந்தது. முன்னால் எப்படி வரைந்தேன் என்று ஞாபகப்படுத்தப் பார்த்தால் அழுகைதான் வந்தது. சத்தம் போடாமல் அழுதேன்.

"என்ன வரையிறே?" என்று தரையிடம் கேட்டார் இவர்.

ஏதோ சின்னத் திருத்தம் என்றேன்.

"திருத்தத்துக்குப் பேனா இப்படி ஓடாதே. இது புதுசா வரையிற சத்தம்."

டாக்டரம்மா கண்ணைத்தான் பார்த்தார், காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். சிரித்தார். சிரித்தபோது முதுகு குலுங்கியது.

அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து முகம் தெரியாமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. மூச்சு இழுக்கும்போது தோள்பட்டைக்கு நடுவில் சட்டை இறுகும். விடும்போது இடுப்புப் பக்கம் மெதுவாக இறங்கும். எங்கேயாவது அசைந்துவிட்டால் கெட்டுவிடுமோ என்று உடம்பு முழுக்க ஜாக்கிரதையாக இருக்கும். தூங்குகிற குட்டியைச் சுமந்துகொண்டு ஏறுகிறவனுக்கு இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. பேனாவை எடுத்தேன். அதன் பிறகு அது நிற்கவில்லை. அவர் மூச்சு விட விட நான் வரைந்தேன்.

படம் சொன்ன தேதியில் போய்விட்டது.

டாக்டரம்மா நிமிரலாம் என்று சொன்ன பிறகும் இன்னும் பல நாள் திரையைப் பார்க்க விடவில்லை நான். ஒருவழியாக அவர் ஆபீசுக்கு வந்த காலையில், தடுப்புக்குள் உட்கார்ந்ததும் எதிரில் நாற்காலி போட்டு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். "தினமும் சாயந்திரம் எல்லாத்துக்கும் தானா ஒரு பிரதி எடுத்துக்கும். படிக்க மட்டும்னு குறி போட்டு வச்சிருக்கேன். அதை உங்க யாராலயும் அழிக்க முடியாது. அந்த தைரியத்துலதான் உங்க கையில உரிமையைக் குடுத்தேன்."

அதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொன்னா நீங்க ஜாக்கிரதையா இருக்க மாட்டீங்கன்னு."

இந்த மனிதரை என்ன செய்வது? அதற்குள் அவர் பழைய கரடியை எடுத்துத் திரையில் விட்டார். முழுசாக இருந்தது. நான் எதற்காக அழுதேனோ அது எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது. பக்கத்தில் புதுக் கரடியையும் விட்டார். இரண்டும் சேர்ந்து படி ஏறின. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது மூச்சு விடுது. அது விடல" என்றார்.

"உங்க முதுகுதான். ஒரு வாரமா வேற என்னத்தைப் பாத்தேன்?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டுமே. அவரிடம் நான் கேட்காததற்குக் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பழைய கரடியிலிருந்து படிக்க மட்டும் என்ற குறியை எடுத்தார். கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அழி. உன்னோடதுதான்."

உடைந்த குடையைத் தூக்கிப் போட மனசு வராதவர் சொல்கிற வார்த்தையா இது? எனக்கே சந்தேகமாக இருந்தது. கட்டளையை அடித்துவிட்டு நிறுத்தினேன்.

"உள்ளே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வேற யாருக்காவது வேணுமா?"

"வேணாம்."

"நாளைக்கு வந்து கேக்க மாட்டீங்களே?"

"கேட்டா குடுக்காதே" என்றார்.

எண்டரைத் தட்டினேன். கீழ் வரியில் கர்சர் மினுக்கியது. இந்த முறை நான் அதைத் திட்டவில்லை.