உட்பக்கம் பார்த்த சப்பாத்துகள்

சூசைதாசன் அகதியாக வந்து குடியிருந்த பார்க்டேலிலிருந்து யப்பானிய மலைக்கிராமத்துக்கு முதல் தடவை நடந்துபோனது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதமா, மாசியா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்றைய குளிர் எத்தனை பாகை என்பதிலும் நினைவு பிசகியிருக்கலாம். அவர் போனதில் மட்டும் சந்தேகமில்லை. போக மூன்று மணித்தியாலம் எடுத்தது, வர இரண்டேமுக்கால். திரும்பும் வழி இறக்கம்.

ரயில் பாதையோரமாக வடக்கே நடந்தால் ஒரு ரயர் கடைக்குப் பின்னால் நிலம் ஏறத் தொடங்கும். அந்த இடத்தில் மலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஏறினார். தேவதாரு மரங்கள், ஒரு மரப்பாலம், அதற்கு அப்பால் ஏழு வீடுகள். கூப்பிய கைகள் போலச் செங்குத்தான, தடித்த புற்கூரைகள். கடைசி வீட்டுக்காரர் கதவைத் திறந்து தலை குனிந்தார். அறையின் நடுவே குழியில் நெருப்பு எரிந்தது, மேலே கொக்கியில் கேத்தல் தொங்கியது. தேத்தண்ணியும் ஊறவைத்த முள்ளங்கியும் கிடைத்தன. இரண்டு பேரும் நாலு மணித்தியாலம் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார்கள். பார்க்டேலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்விதான்: "மனிசி எப்ப வாறா?" மனைவி கிளடிஸ் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அந்த முதல் நடைக்குப் பிறகு சூசைதாசன் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகவில்லை. மலைக்குப் போனார்.

அவரோடு ஒரே அப்பார்ட்மென்ரில் இருந்த இக்னேசியஸ் இதை நம்பியதற்குக் காரணம் அந்த முள்ளங்கி. கடதாசியில் சுற்றி வந்த ஒரு துண்டை அவன் தான் வேலைசெய்த பேக்கரிக்குக் கொண்டுபோனான். கூட மாப் பிசையும் மொரிட்டா என்ற யப்பானியர் அதைக் கடித்துப் பார்த்து, தன் ஊர் மலைப்பக்கத்து ஊறுகாய் என்றார். அவ்வளவு கிட்டவா என்று மட்டும் வியந்தார்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் சூசைதாசன் முகம் கறுத்து வந்தார்.

"உவங்களுக்கும் என்னைப் பிடிக்கேல்லையடா," என்றார். "சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உள்ளுக்குப் போறன். வெளிய வந்து பாத்தா ரெண்டும் றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஒவ்வொரு கிழமையும் அப்பிடித்தான். எழும்பிப் போ எண்டுதானே அதுக்கு அர்த்தம்?"

இக்னேசியஸ் பாண் வெட்டிக்கொண்டிருந்தான். "அப்ப நீங்கள் உள்ளுக்குப் பாக்கத் திருப்பி வையுங்கோ அண்ணை. ஆள் அசையமாட்டார் எண்டு விளங்கட்டும்."

"பகிடி விடாத."

"பகிடியில்லை. நாங்கள் இன்னும் எத்தினை இடத்தால எழும்பிறது?"

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றுவது அவர்களுக்கும் பழக்கம்தான். ஆனால் அடுத்தவன் சப்பாத்தை யாரும் தொடமாட்டார்கள். தொட்டுத் திருப்புகிறான் என்றால் அது துரத்துவதாகத்தான் இருக்க முடியும். குருநகர் வீட்டிலிருந்தும், பாங்கொக் அறையிலிருந்தும், பிராங்பேர்ட் விமான நிலைய வாங்கிலிருந்தும் எழுப்பப்பட்ட மனிதருக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. மொரிட்டாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். துரத்துவதுதான் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்து இக்னேசியஸ் கேட்கவில்லை.

மறுவருடம் பங்குனியில் விசா வந்தது. கிளடிஸ் வியாழக்கிழமை இறங்குவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போன சூசைதாசன் திரும்பவில்லை. செவ்வாய் வரை பார்த்துவிட்டு, புதன்கிழமை இக்னேசியஸ் லீவு போட்டு நடந்தான்.

வாசற்கல்லில் சப்பாத்துகள் உட்பக்கம் பார்த்து நின்றன. வீட்டுக்காரர் கண் சிவந்து நின்றார். தான் இரண்டு தரம் வெளிப்பக்கம் திருப்பியதையும், விருந்தாளி இரண்டு தரமும் உள்ளே திருப்பியதையும், அதன் பிறகு அவை அசையவில்லை என்பதையும் கையால் காட்டினார். இக்னேசியஸ் குனிந்து இழுத்தான். மலையோடு சேர்த்துத் தைத்தது போல இருந்தன. சூசைதாசன் எழுந்து வாசலைத் தாண்டினார். தாண்டிய கால் அதே அறைக்குள் பட்டது. மூன்று தரம் வெளியே போனார், மூன்று தரமும் உள்ளே வந்தார். பிறகு நெருப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு பிளேன்?"

"பின்னேரம் நாலேகால்."

"குளிருக்கு ஜக்கெற் ஒண்டு கொண்டு போ. மெல்லிசாத்தான் உடுத்திருப்பாள்."

விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் இக்னேசியஸ் எல்லாவற்றையும் சொன்னான். கிளடிஸ் அந்தப் பெரிய ஜக்கெற்றுக்குள் இருந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நடக்கிற தூரமோ?"

"ஓம் அக்கா. மூண்டு மணித்தியாலம்."

"நாலு வருசம் இருந்திட்டன். மூண்டு மணித்தியாலம் பெரிசோ," என்றாள்.

ஞாயிறுதோறும் நடந்தாள். அவர் பக்கத்தில் இருந்தாள், பொழுதுபட முன்னம் இறங்கினாள். அவளுடைய சப்பாத்துகள் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. அப்படியே மூன்று வருடம் போயிற்று.

தொண்ணூற்றேழில் மொரிட்டா ஓய்வுபெற்றார். கடைசி நாளில் இக்னேசியஸ் அந்தச் சப்பாத்து விஷயத்தைக் கேட்டான். வந்தவர் சிரமமில்லாமல் காலை நுழைத்துச் சுகமாகப் போய் மறுபடி வரவேண்டும், அதற்காகத்தான் வீட்டுக்காரர் திருப்பி வைப்பார் என்றார் மொரிட்டா. அன்று பாண் கருகியது.

கிளடிஸிடம் சொன்னபோது அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியும். வீட்டுக்காரர் கையால காட்டினவர்."

"அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. தெரிஞ்சா அவரால அங்க இருக்கேலாது. வெளிக்கிடவும் ஏலாது."

மொரிட்டா விட்பியில் மகளோடு இருக்கிறார். இக்னேசியஸ் தொண்ணூற்றொன்பதில் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினான். வருகிறவர்களின் சப்பாத்துகளை அவன் வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறான், அதனால் அந்த வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. மலைவீட்டுக்காரர் அதற்கு முந்திய மாரியில் இறந்துபோனார். நெருப்பைச் சூசைதாசன் பார்த்துக்கொள்கிறார். கிளடிஸ் இன்னும் ஞாயிறுதோறும் நடக்கிறாள். பொழுதுபடும் நேரம் சூசைதாசன் உள்ளேயிருந்து கையை நீட்டி அவளுடைய சப்பாத்துகளைத் திருப்பி வைக்கிறார். என்ன நினைத்துத் திருப்புகிறார் என்று அவள் கேட்டதில்லை.