ரஞ்சனி அக்காவின் லைன்

“பத்தாவதுல பாதில நின்னுட்டியாமே, டைப்பாவது அடிப்பியா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ரஞ்சனி அக்கா கேட்டது இது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா சிரித்துவிட்டுத் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

செஞ்சியில் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆஸ்பத்திரி காப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் சென்னைக் கம்பெனி பாதுகாப்பான இன்டர்நெட் லைன் ஒன்று கொடுத்திருந்தது. அது அக்காவின் பேரில். அவள் பட்டம் படித்தவள். அவர்கள் வைத்த தேர்வில் தேறியவள். அவள் மட்டும்தான் அதைத் தொடலாம். முதலாளி சுதர்சன் அண்ணன் கம்பெனிக்குத் தெரியாமல் அதை அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் இரண்டுக்குப் பிரித்து விட்டிருந்தார். ஒன்றில் சுமலதா, மற்றதில் நான்.

“சென்னைக்காரனுக்கு நாம மூணு பேரும் ஒரே ரஞ்சனிதான்டி. அக்காவுக்கு ஆறு கைன்னு நெனச்சிக்கினு இருப்பான்,” என்பாள் சுமலதா.

அடுத்த மாதம் கம்பெனியே அக்காவை நிரந்தர வேலைக்கு எடுப்பதாக இருந்தது. அந்தக் கடிதத்துக்காக அவள் வீடே காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு விழுப்புரம் போனாள். “இன்னிக்கி லைன் வேணாம், பழைய பேப்பரை அடுக்குங்க,” என்றார் அண்ணன். ஆனால் முந்தின நாள் யாரும் லைனைத் துண்டிக்கவில்லை. என் திரையில் லைன் இருப்பதைக் காட்டும் பச்சைப் பூட்டு எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினோரு விண்ணப்பம் பாக்கி. தாமதமானால் அக்காவைத்தான் கேட்பார்கள். புது வேலைதானே வேண்டாம் என்றார், பாக்கியை முடித்தால் என்ன என்று ஏற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“ரஞ்சனி, சென்னையிலருந்து வீடியோல கூப்புடுறாங்க. லீவு அன்னிக்கி உன் லைன்ல வேலை நடந்திருக்குதாம். நீங்க ரெண்டு பேரும் கேமராவுல படாம செவுத்தோரம் போங்க. மூச்சு விடக் கூடாது.”

அது நான்தான் எனச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் திரையில் ஒரு அதிகாரி வந்துவிட்டார்.

“செவ்வாய்க்கிழமை பதினோரு விண்ணப்பம் ஏறியிருக்கு. யாரும்மா போட்டது?”

அக்கா ஒரு நொடி எங்கள் பக்கம் பார்த்தாள். சுமலதா இல்லையென்று தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் சார். ஆபரேஷன் சீக்கிரமா முடிஞ்சிது. மதியம் வந்து பாக்கியப் போட்டேன்.”

“லீவு போட்டுட்டா?”

“பாக்கி வெச்சா தூக்கம் வராது சார்.”

அவர் சிரித்தார். சுமலதா என் கையைக் கிள்ளினாள். தப்பித்தோம் என்று அர்த்தம்.

“சரிம்மா, அப்படியே எழுதிக்கறேன். ஆனா ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில விசாரிப்பாங்க. பொய்னு தெரிஞ்சா இந்த வேலை மட்டும் இல்ல, எங்கயும் உங்களுக்கு வேலை கிடைக்காது.”

அக்கா அன்று இருட்டும்வரை ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். எல்லோருக்கும் தெரியும். சுவரை விட்டு நகர்ந்தது நானா என்றுகூட நினைவில்லை.

“அக்கா மேல தப்பு இல்ல சார். நான்தான் போட்டேன்.”

திரையில் சிரிப்பு நின்றது. “யாரும்மா அது? எத்தனை பேர் இருக்கீங்க அங்க?”

அவர் முகம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று திரைகளிலும் பூட்டு அணைந்தது.

“ஒரு வருசமா வாயத் தொறக்காத பொண்ணு!” அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “தொறக்கறதுக்கு இந்த நேரந்தான் கெடைச்சுதா உனக்கு?”

“அவ நல்லதுக்குன்னு நெனச்சி...” என்று ஆரம்பித்தாள் சுமலதா.

“அக்கா,” என்றேன்.

ரஞ்சனி அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். நான் வழியில் நிற்பதைப் பார்த்து, என்மேல் படாமல் ஒதுங்கி, மாடிப்படியில் இறங்கிப் போனாள்.