ஆர்டித் அத்தையின் வேலிக்கு அந்தப் பக்கம்

எல்க் மானைத் தேடும்போது காற்று, புழுக்கை, தண்ணீர் மூன்றையும் பார்க்கவேண்டும் என்பார் அப்பா. ஒரு வாரம் பார்த்தோம். புழுக்கைதான் கிடைத்தது. வேட்டைக்காலம் இன்றோடு முடிகிறது. குளிர்காலம் முழுக்கத் தின்னவேண்டிய இறைச்சிக்கான ஃப்ரீஸரில் ஐஸ் மட்டும் இருக்கிறது.

மேட்டில் குப்புறப் படுத்து பைனாகுலரைக் கீழே திருப்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மந்தையே மேய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, கிடைச்சிருச்சு. ஆர்டித் அத்தை வயல்ல."

அப்பா பைனாகுலரை வாங்கவே இல்லை. "அது எல்க் இல்ல. மாடு."

"கிளை கிளையா கொம்பு இருக்கே."

"கொம்பு வச்ச மாடு."

அம்மா ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றினாள். "முதல் வெடிச் சத்தத்துலயே அதுங்க அங்க போயிருக்கும், லைல். எங்க யாரும் சுட வரமாட்டாங்கன்னு அதுங்களுக்குத் தெரியுது. போய் உங்க அக்கா கதவைத் தட்டு."

அடுத்தவர் நிலத்தில் சுட அனுமதி கேட்கவேண்டும். அப்பா அத்தையோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அப்போது நடந்த தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அத்தை சமைத்த கறியை மேசைக்கு அடியில் நாய்க்குப் போட்டார். நாயும் தின்னவில்லை. இரண்டையும் அத்தை பார்த்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அத்தை வீட்டுக்கு வண்டியை விட்டு, அப்பா கதவைத் தட்டினார். திறந்தவள், கூடப் பிறந்த தம்பியைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"லைல்."

"எந்த லைல்? நாய்க்கு விருந்து வச்சவனா?"

அப்பா தொப்பியைக் கழற்றினார். "உன் வயல்ல எல்க் நிக்குது."

"தெரியும். என் மாட்டுத் தீவனத்தைத்தான் தின்னுது."

"ஒண்ணு சுட்டுக்கறேன்."

"அதுக்கு முன்னாடி ஏதோ சொல்லணுமே?"

வண்டியிலிருந்து அம்மா ஹாரன் அடித்தாள்.

"அன்னைக்குக் கறி... நல்லாதான் இருந்துச்சு."

"பொய்."

"சரி, செருப்பு மாதிரி இருந்துச்சு. ஆனா நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடு."

அத்தை கதவை அகலத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சுட வேணாம்டா. விடியக்காலையிலயே ஓடைப் பள்ளத்துல ஒண்ணைச் சுட்டுட்டேன். குடலை எடுத்துப் போட்டாச்சு. முட்டி வலில மேல தூக்கத்தான் முடியல. துண்டு போட்டுத் தூக்கிக் குடுத்தா பாதி உனக்கு."

"எந்தப் பாதி?"

"நான் சொல்ற பாதி."

அப்பா துப்பாக்கியை வண்டியில் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.