சூடு ஆறாத கோட்டு

அருவருப்பு என்பது இன்னதென்று அறியாமலே வளர்ந்து ஆளாகிவிட்டவள் அவள். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் இடத்தில் அவள் மூக்கை முன்னே நீட்டுவாள். யாரோ எப்போதோ உடுத்திக் கழித்த சட்டை ஒன்று கைக்குக் கிடைத்தால், முதலில் அதன் அக்குளைத்தான் முகர்ந்து பார்ப்பாள். வியர்வை உலர்ந்த மஞ்சள் வளையம், அந்துருண்டையின் காரம், பல மழைக்காலங்களைப் பெட்டிக்குள் கழித்த பூஞ்சணம் எல்லாம் அவளுக்கு ஒன்றே. பொற்கொல்லர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதைப் போல அவள் முகர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி சட்டத்தை வளைத்து நிமிர்த்திக் கொடுப்பாள். கடைச் சீருடையைக் கழற்றிய மறுகணமே ஐம்பது ஆண்டு பின்னால் போய்விடுவாள். இடுப்பின் பக்கவாட்டில் இரும்பு ஜிப் வைத்த பாவாடை, தோளில் பஞ்சுத் திண்டு தைத்த மேற்சட்டை, சொடுக்கென்று வாய் மூடும் கைப்பை. அறையில் எண்களைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி ஒன்றும், பேச மறந்துபோன வானொலி இரண்டும் இருந்தன. பழந்துணியைக் கண்டால் விடமாட்டாள் என்பதனால் அண்ணன் அவளுக்கு அந்துப்பூச்சி என்று பெயர் வைத்தான். அது நாளடைவில் தேய்ந்து ‘அந்து’ என்றாயிற்று. பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிட்டாள்.

கம்பளித் துணியில் பூச்சி முட்டை இருந்தால், அதை உறையவைத்துத்தான் கொல்ல வேண்டும். இந்த ஞானத்தை அந்து வீட்டில் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஒரு நாள் ஃப்ரிட்ஜின் உறைபெட்டியிலிருந்து சமையலுக்குப் பட்டாணி எடுக்கப் போன தாயின் கையோடு, பட்டாணிப் பையில் ஒட்டிக்கொண்டு கட்டை போல் விறைத்த ஒரு கால்சட்டையும் வந்தது.

“செத்தவன் கால்சட்டையைச் சாப்பாட்டுக்கு நடுவுல வச்சிருக்கியே, உனக்குக் குமட்டலையா?” என்று தாய் கேட்டாள்.

“செத்தவங்களுக்கு அது வேணாம்மா. யாருக்குமே வேணாததைத்தான் நான் எடுக்கறேன்” என்றாள் அந்து.

கால்சட்டைக்காரர் ராத்திரி வந்து கேட்டால் அந்துவின் அறைக்குத் தானே வழிகாட்டிவிடுவதாக அண்ணன் வாக்களித்தான். தாய் சிரிக்கவில்லை. பட்டாணியைக் குப்பையில் கொட்டிவிட்டு, ஃப்ரிட்ஜ் முழுவதையும் வெந்நீரால் துடைத்தாள். அந்துவோ தன் பதிலைத் தானே மெச்சிக்கொண்டாள். யாருக்கும் வேண்டாததைத்தான் எடுக்கிறேன் என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவளுடைய அலமாரி முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

குளிர்காலத்தின் நடுவில், மாமியார் காலத்துத் துணிமணிகள் விற்பனைக்கு இருப்பதாக ஒரு பெண்மணி கைப்பேசியில் விளம்பரம் செய்திருந்தாள். அந்து கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு விழுந்தடித்துப் போனாள். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மாமியார் உள்ளே படுத்திருப்பதாகவும், வெளியே போவதை நிறுத்திக் காலம் ஆகிவிட்டதால் இவை எதுவும் தேவைப்படுவதில்லை என்றும் மருமகள் சொன்னாள். கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். வீடும் மாமியாரும் அவள் தலையில்.

அந்து இரண்டு பாவாடைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் இருந்த புகைப்படத்தைக் கண்டாள். படத்தில் ஓர் இளம்பெண், உலகமே தனக்குக் கொஞ்சம் கடன்பட்டிருப்பதைப் போன்ற பார்வையோடு நின்றாள். அவள் போட்டிருந்தது முழங்கால்வரை இறங்கும் ஒரு கம்பளிக் கோட்டு. அகன்ற கழுத்துப்பட்டை, துணி போர்த்திய பெரிய பொத்தான்கள், பிடித்துத் தைத்த இடுப்பு. இத்தனை நாள் எதைத் தேடினாள் என்பது அதைப் பார்த்த பிறகுதான் அந்துவுக்கே தெரிந்தது.

“அக்கா, அந்தக் கோட்டு இன்னும் இருக்கா?”

மருமகள் படத்தைப் பார்த்தாள். பிறகு சாத்திய கதவைப் பார்த்தாள். “இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க. எடுத்து வைக்கறேன்.”

எங்கிருந்து எடுத்து என்று அந்து கேட்கவில்லை.

சங்கு நண்டைப் பற்றி ஒரு கதை உண்டு. சொந்த ஓடு இல்லாத அந்த நண்டு, செத்த நத்தையின் கூட்டுக்குள் புகுந்து காலம் தள்ளும். ‘அடுத்தவன் வீட்டில் குடியிருக்கிறாயே, வெட்கமில்லையா?’ என்று மற்ற நண்டுகள் ஏசின. ‘அவன் காலி செய்துவிட்டுப் போன வீடுதானே’ என்றது அது. ஒரு நாள் பாறை இடுக்கில் மினுமினுவென்று ஒரு சங்கைக் கண்டது. அதற்குள் ஏதோ மெத்தென்று அசைந்தது. நண்டு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, ‘அலைதான் அசைக்கிறது போலும்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாம். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டபோது, அந்துவும் சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டும் குளிர் விடவில்லை. வேறு யாரேனும் முந்திக்கொள்வார்களோ என்ற பதைப்பில், பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, முதுகெல்லாம் வியர்த்து வழிய அந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மருமகள் உள்ளறைக்குள் போனாள். தணிந்த குரலில் ஏதோ வாக்குவாதம் நடந்தது, கட்டில் கிறீச்சிட்டது. ‘கையை மடக்குங்க’ என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. மருந்து தடவுகிறாள் போலும் என்று அந்து எண்ணினாள். சற்று நேரத்தில் மருமகள், கோட்டைக் கையில் போட்டபடி, குதிகாலால் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

படத்தில் சாம்பல் நிறமாய்த் தெரிந்தது நேரில் கருஞ்சிவப்பு. பொத்தான்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. பொத்தான் துளைகள் கையால் முடித்தவை. உள்ளே வழுவழுப்பான உள்துணி கிழிசலில்லாமல் இருந்தது. அந்துருண்டையை எதிர்பார்த்து அந்து முகர்ந்தாள். வலித் தைலமும், தலை எண்ணெயும், மூத்திரத்தின் மெல்லிய புளிப்பும் சேர்ந்து வந்தன. பழைய வாடை அடங்கிக் கிடக்கும். இதுவோ எழுந்து வந்து முகத்தில் மோதியது. அப்போதாவது அவள் நின்றிருக்கலாம். ஆசை அறிவை முந்திக்கொண்டது. இரண்டு கைகளையும் நுழைத்தாள். அளவெடுத்துத் தைத்தாற்போல் கோட்டு தோளில் அமர்ந்தது.

கோட்டு சூடாக இருந்தது.

வெயிலில் காய்ந்த சூடு அல்ல. வெளியே வெயிலே இல்லை. இஸ்திரிச் சூடும் அல்ல. முதுகிலும் அக்குளிலும் மட்டும் தங்கியிருந்தது அது. பேருந்தில் ஒருவர் எழுந்த இருக்கையில் உடனே உட்காரும்போது தொடையில் ஏறுமே, அந்தச் சூடு. அந்துவின் கை தன்னிச்சையாகக் கோட்டின் பைக்குள் போயிற்று. பிசுபிசுப்பான ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தாள். காகிதத்தில் அரைகுறையாகச் சுற்றிய இருமல் மிட்டாய். பாதி சப்பியது. எச்சில் இன்னும் உலரவில்லை.

எத்தனையோ அந்நியர்களின் அழுக்கை முகர்ந்து பார்த்தவள், முதன்முதலாக ஒன்றைக் கையை எட்ட நீட்டித் தள்ளிப் பிடித்தாள்.

“அக்கா, இதை இப்பத்தான் கழட்டினீங்களா?”

“இப்ப வரைக்கும் போட்டிருந்தாங்க. அதனால என்ன, நீங்க துவைச்சுத்தானே போடப்போறீங்க.”

“அவங்களுக்கு வேணுமேக்கா.”

“நீங்கதானே கேட்டீங்க? பீரோவுல சும்மா தொங்குதுன்னா நெனச்சீங்க?” என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்த கடைக்காரியின் வியப்புத்தான் இருந்தது. பிறகு, மனத்தில் அடைத்துக் கிடந்ததையெல்லாம் கொட்டினாள். குளிர் தொடங்கியது முதல் மாமியார் அந்தக் கோட்டைக் கழற்றவில்லையாம். தூங்குவதும் அதில்தான், சிந்துவதும் அதில்தான், சில நாள் எழுந்து போவதற்குள் நனைவதும் அதில்தான். துவைக்கக் கேட்டால் கடிக்க வருகிறாளாம். “அந்த நாத்தத்துல நான் சோறு தின்னு பல நாளாச்சு. நீங்க கேட்டதும் சாமியே வந்து கேட்ட மாதிரி இருந்துச்சு.”

உடம்பில் கோட்டு இருப்பதையே மறந்தவளாக அந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மெல்லிய இரவு உடை. கைகளை மார்பின் மேல் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளை அக்குளுக்குள் செருகியிருந்தாள். தொங்கிய சதையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. கழுத்தில் ஒரு கீறல் புதிதாய்ச் சிவந்திருந்தது. கழற்றும் அவசரத்தில் பொத்தானோ நகமோ இழுத்திருக்க வேண்டும். அறையில் தைல நெடியும், காலி செய்யாத சிறுநீர்ப் பாத்திரத்தின் நெடியும் ஒன்றையொன்று வெல்லப் பார்த்தன. அந்து வாயால் மூச்சு விட்டாள்.

“யாரு நீ, என் கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கறே?”

தீச்சட்டியைத் தொட்டவள் போல் அந்து கோட்டை உருவிக் கழற்றி நீட்டினாள். தெரியாமல் நடந்துவிட்டது, போட்டுக்கொள்ளுங்கள் என்று குழறினாள். மாமியார் கையை நீட்டவில்லை. மூக்கை மட்டும் ஒரு முறை சுருக்கினாள். உடம்பு முழுவதும் பின்வாங்கியது.

“கிட்டக் கொண்டு வராதே. நாறுது.”

“உங்க கோட்டுதாம்மா.”

“அவ கழட்டற வரைக்கும். இப்ப உன் வேர்வை எறங்கியிருக்கு. அடுத்தவ உடம்புல பட்டதை நான் தொட்டதே கிடையாது. கூடப்பிறந்த அக்கா போட்ட பாவாடையையே வேணாம்னு அழுது புரண்டவ நான்.”

ஊரார் வியர்வையையெல்லாம் முகர்ந்தவளை அன்றுதான் ஒருவர் முகர்ந்து பார்த்துத் தள்ளினார். அந்து கூடத்தில் கழற்றி வைத்திருந்த தன் சால்வையை எடுத்து வந்து நீட்டினாள். அது யாருடையது என்று மாமியார் விசாரித்தாள். தெரியாது, பழையது என்றாள் அந்து.

“யாரோடதுன்னே தெரியாததைப் போர்த்திக்கிட்டுத் திரியறியா? குமட்டலை உனக்கு?”

தாய் இதையே கேட்டபோது அந்துவிடம் பதில் இருந்தது. இப்போது உண்மையாகவே குமட்டியது. மாமியாருக்குக் குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் கோட்டைத் துவைத்துத் தந்தாலன்றித் தொடுவதில்லை என்று சாதித்தாள். துவைக்க விடாத மாமியார் துவைக்கச் சொன்னதைக் கேட்டு, நான் இதற்குத்தான் தவம் கிடந்தேன் என்பது போல் மருமகள் கதவருகில் தலையில் அடித்துக்கொண்டாள். போர்வை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மாமியாருக்குப் போர்த்திவிட்டு, ஹீட்டரைக் கட்டிலருகில் இழுத்து வைத்துவிட்டு, அந்து குளியலறைக்குள் போனாள்.

அந்தக் காலத்துக் கம்பளியைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நிறம் ஓடும், தோள் தொங்கும், உள்துணி சுருண்டு ஓரத்தில் பிதுங்கும். இப்படி ஒன்றைக் கையில் ஏந்தினால் அவளைப் போன்றவர்கள் மூச்சுக்கூட மெல்லத்தான் விடுவார்கள். அவள் கோட்டை வாளியில் அமுக்கினாள். ஒரு கணம் மிதந்து, பிறகு பெருமூச்சு விட்டாற்போல் குமிழிகளோடு கோட்டு அமிழ்ந்தது. தண்ணீர் முதலில் மஞ்சளாயிற்று, பின்பு பழைய புண்ணைக் கழுவியது போன்ற செம்பழுப்பாயிற்று. மேலே எண்ணெய்ப் படலமும், நரைமுடியும், சோற்றுப் பருக்கையும் மிதந்தன. மடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்தவற்றை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. வெதுவெதுப்பு ஏற ஏற, உறங்கிக் கிடந்த மூத்திர நெடி விழித்துக்கொண்டது. அவள் முகத்தைத் தோளில் புதைத்து ஓங்கரித்தாள், மறுபடி அமுக்கினாள். எது அதிகம் அருவருத்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தண்ணீரா, இதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்க ஓடோடி வந்த தானா?

பிழிந்து, துண்டில் சுருட்டி மிதித்து, இஸ்திரிப் பெட்டியாலும் ஹீட்டராலும் உலர்த்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. படத்திலிருந்த கோட்டு அங்கே இல்லை. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்து, கழுத்துப்பட்டை அலையடித்து, பொத்தான்களின் துணியில் துருக்கறை பூத்த ஏதோ ஒன்று இருந்தது. மாமியார் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கெடுத்துவிட்டாய் என்றாள். ஓரம் ஈரமாயிருக்கிறது என்றாள். பிறகு கைகளை நுழைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மருமகள் வாசல்வரை வந்தாள். அவள் முகத்தில் இரக்கம்கூட இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் வெறுங்கையோடு போகிறீர்களே என்று வருந்தினாள். பிறகு உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க. அப்புறம் வேணும்னு கேக்க ஆளிருக்காது. வேற யாருக்கும் தராம உங்களுக்குன்னே எடுத்து வைக்கறேன்.”

“வெந்நீர்ல மட்டும் போட்டுடாதீங்கக்கா” என்றாள் அந்து.

சரியென்று மருமகள் தலையாட்டிக் கதவைச் சாத்தினாள். ஒரு மாடி இறங்கிய பிறகே தான் சொன்னது இன்னதென்று அந்துவுக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொல்லத் திறந்த வாயிலிருந்து அதுவா வந்தது? தோள் தொங்கிப்போன பிறகும், அந்தத் தண்ணீரில் கை வைத்த பிறகும், உள்ளே ஏதோ ஒன்று கையைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி சாவதற்காக மரியாதையோடு காத்திருந்தது. அவள் தெருவுக்கு ஓடி, சாக்கடை ஓரம் குந்தி வாந்தியெடுத்தாள். மதியம் எதுவும் சாப்பிடாததனால் வெறும் கசப்புநீர்தான் வந்தது. எதிர்க்கடைக்காரர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை நீட்டினார். வாயைக் கொப்பளித்தாள். பேருந்து வந்து நின்றது, போயிற்று. அவள் ஏறவில்லை.

மூன்று மாடியையும் திரும்ப ஏறி, மணியை அழுத்தினாள்.

“என்ன, எதையாவது விட்டுட்டீங்களா?” என்று மருமகள் கேட்டாள்.

அந்து அவளைப் பார்க்கவில்லை. உள்ளறைப் பக்கம் பார்த்து, காது மந்தமானவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

“அந்தக் கோட்டு எனக்கு வேணாம். இப்பவும் வேணாம், எப்பவும் வேணாம்.”

கட்டில் கிறீச்சிட்டது.

“கேட்டுச்சு, கதவைச் சாத்து. குளிருது” என்றது உள்ளேயிருந்து குரல்.