பனிக்கு அடியில் இருந்த மண்

தன் குழந்தை ஓடிஸின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று ரெனாட்டா போனில் சொன்னபோது நோரீனுக்கு நம்பவே முடியவில்லை. ரெனாட்டா கடன் போட்டு வாங்கிய வீட்டை வங்கிக்காகப் போய்ப் பார்த்து மதிப்புப் போட்டவளே அவள்தான். 1926-இல் கட்டிய வீடு. பஃபலோ நகரத்தில் அந்த வயசு வீடென்றால் பழைய பெயின்டில் ஈயம் இல்லாமல் இருக்காது. உரிகிற பெயின்டைச் சுரண்டி, புதுசு பூசி, கீழே விழுந்த செதிலையெல்லாம் அள்ளினால்தான் கடன் என்று கறாராக எழுதியவளும் அவள்தான்.

"ஒவ்வொரு ஜன்னலா தொட்டுத் தொட்டுப் பாத்தீங்களே மேடம், அதான் உங்களைக் கூப்பிட்டேன். எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டர் கேக்கறார். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

காரில் போகும்போது தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயாக இருக்கும். ஏதாவது பழைய பொம்மையாக இருக்கும். பெயின்ட் வேலை செய்தவன் வேட் ஆயிற்றே! பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒரு ஜன்னலுக்கு என்ன செலவாகும் என்று தெரியாமல் முழிக்கும்போதெல்லாம் அவனுக்குத்தான் போன் போடுவாள். அவன் சொல்கிற தொகைதான் அறிக்கையில் ஏறும். இந்த வீட்டுக்கும் அப்படித்தான். "பதினாலு ஜன்னல், மூவாயிரத்து எண்ணூறு டாலர். தாராளமாப் போதும் தாயே, கண்ணை மூடிக்கிட்டு எழுது" என்றான். எழுதினாள். வீட்டை விற்றவர் வேலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்து நவம்பர் கடைசியில் அவள் சரிபார்க்கப் போனபோது முழங்கால் உயரத்துக்குப் பனி. ஜன்னலெல்லாம் பளிச்சென்று இருந்தது. மண் கண்ணிலேயே படவில்லை.

"தார்ப்பாய் விரிச்சு ஒரு செதில் விடாம அள்ளிட்டேன். நம்பிக்கை இல்லேன்னா மண்வெட்டி தரேன், தோண்டிப் பாரு" என்று வேட் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். பனி உருகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தரையில் செதில் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது மே மாதம். பனி போய் ஆறு வாரமாகிறது. ஜன்னல்களுக்கு அடியில் ஈர மண் நெடுக, நொறுங்கிய முட்டை ஓடு மாதிரி பழைய பச்சைப் பெயின்ட் கிடந்தது. நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி, ஒரு கரண்டி.

நோரீன் அங்கேயே நின்று வேட் நம்பருக்குப் போன் போட்டாள். "தார்ப்பாய் விரிச்சேன்னு சொன்னியே, விரிச்சியா?"

"அந்தக் காசுக்கு எவன் தார்ப்பாய் விரிப்பான்?"

"அந்தக் காசைச் சொன்னதே நீதானேடா பாவி!"

"கூடச் சொல்லியிருந்தா வீட்டை வித்த ஆளு வேற எவனையாவது கூப்பிட்டிருப்பான். என் பொழப்பு நடக்க வேணாமா? இதப் பாரு நோரீன், நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடலை. போட்டது நீ."

பன்னிரண்டு வருஷம்! இவனை நம்பி எத்தனை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள்? போனை அணைத்தாள்.

ரெனாட்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா மேடம்? வீட்டுக்குள்ள நாங்க மூலை முடுக்கெல்லாம் தேடிட்டோம். இந்த இடத்தை மட்டும்தான் பாக்கலை. மண்ணு சுத்தம்னு நீங்க எழுதியிருந்தீங்களே, அதனால இவனை நாள் முழுக்க இங்கேதான் விளையாட விட்டிருந்தேன்."

குழாய், பொம்மை என்று சொல்ல வந்ததையெல்லாம் நோரீன் விட்டுவிட்டாள்.

"நான் மண்ணைப் பாக்கலைம்மா" என்றாள். "அன்னிக்கு மேலே பனி இருந்துச்சு. ஒருத்தன் சொன்னான், நம்பி எழுதிட்டேன்."

ரெனாட்டா கீழே பார்த்தாள். பச்சைச் செதில்களைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். குழந்தையின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"நான் உங்களை நம்பினேனே" என்றாள்.