நுரை வைரஸ்காரர்கள்

அம்பாங்கில் காட்டை ஒட்டி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் முகமது ரஃபீக் பராமரிப்பு மேலாளர். ராமநாதபுரத்திலிருந்து வேலை விசாவில் வந்தவர். மனைவி சல்மாவோடும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அஃப்ரினோடும் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்தார். லிஃப்ட் நின்றாலும் சரி, குரங்குகள் பால்கனி வழியாக ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி, முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும்.

ஒரு காலை, குப்பை அறையின் கம்பி வலையில் ஒரு குரங்குக் குட்டி கழுத்தை மாட்டிக்கொண்டு அலறியது. காவலர்களின் தலைவர் விஜயன் வனவிலங்குத் துறைக்கு போன் போட்டார். அவர்கள் வந்து சேர்வதற்குள் குட்டி செத்துவிடும் போலிருந்தது. ரஃபீக் பொறுக்கமாட்டாமல் கம்பியை வெட்டிவிட்டார். குட்டி விடுபட்டதுதான் தாமதம், தாய்க்குரங்கு மதிலிலிருந்து பாய்ந்து அவர் முன்கையை ஆழமாகக் கடித்துவிட்டுக் குட்டியோடு மரமேறிவிட்டது. கிளினிக்கில் காயத்தைக் கழுவி ஊசி போட்டார்கள். புண் ஆறியது. ரஃபீக்கும் அதை மறந்துவிட்டார்.

மறு வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வந்தது. குரங்குகளுக்குப் பக்கத்திலேயே வாழும் மனிதர்களுக்கு அவற்றிடமிருந்து என்னென்ன தொற்றுகின்றன என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். குழுவின் தலைவி டாக்டர் ராஜேஸ்வரி, கிள்ளான்காரர். கடி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டதும் விஜயன் ரஃபீக்கை முன்னால் தள்ளிவிட்டார்.

"நம்ம பாஸ்தான் டாக்டர். குரங்குக் குட்டிக்கு உயிர்ப்பிச்சை குடுத்துட்டு அதோட அம்மாகிட்ட கடி வாங்கின மனுஷன் லா."

எல்லாரும் சிரித்தார்கள். ரஃபீக்கும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

சில மாதம் கழித்து போன் வந்தது. பேசியது டாக்டர் அல்ல, அவருடைய உதவியாளர் பெண். டாக்டர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தாராம். "சிமியன் ஃபோமி வைரஸ் பாசிட்டிவ், அங்கிள். குரங்குகிட்ட இருக்கிற ஒரு ரெட்ரோவைரஸ். பயப்பட ஒண்ணுமில்ல, டாக்டர் வந்து விளக்குவாங்க. இனிமே மட்டும் பிளட் டொனேட் பண்ணாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை ரஃபீக்கின் நெஞ்சில் போய்த் தைத்தது. கடிபட்ட பிறகு பள்ளிவாசல் இரத்த தான முகாமில் அவர் இரத்தம் கொடுத்திருந்தார். யாரோ ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்று மனம் நிறையக் கொடுத்த இரத்தம்.

"ரெட்ரோவைரஸ்னா என்ன விஜயன்?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"எய்ட்ஸ் வருதே, அந்த வைரஸ்தான் பாஸ். ஏன்?"

"சும்மா."

அன்றிலிருந்து ரஃபீக் ஆளே மாறிப்போனார். வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை ஒதுக்கிக்கொண்டார். முதுகுவலி என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். அஃப்ரின் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் மெல்ல விலக்கினார். விசா போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே இதை எந்த முகத்தோடு சொல்வது? அதைவிடவும், தன் இரத்தம் இப்போது யார் உடம்பில் ஓடுகிறது? தொழுகையில் நெற்றி தரையில் படும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த ஆளுக்காகத்தான் துவா கேட்டார்.

"வாப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று அஃப்ரின் உம்மாவிடம் கேட்டது சமையலறையிலிருந்து அவர் காதில் விழுந்தது. சல்மா ஹாலுக்கு வந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கு வேற யாரும் இருந்தா நேராச் சொல்லிருங்க. தனித் தட்டு, தனிப் பாயின்னு என்னையக் கொஞ்சம் கொஞ்சமாச் சாகடிக்காதீங்க."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சல்மா அழவில்லை. கையை நீட்டினாள்.

"அந்த டாக்டரம்மா நம்பரைக் குடுங்க."

ராஜேஸ்வரி முதல்நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். சல்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "போன்ல வேணாம்மா. நாளைக்கு ஞாயிறு, நேரா என் வீட்டுக்கு வந்துடுங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

கோமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை ரஃபீக் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். வாசலுக்கே வந்து வரவேற்றார் டாக்டர். அவருடைய கணவர் கமலநாதன் அஃப்ரினைப் பின்கட்டில் மீன் தொட்டி காட்ட அழைத்துப் போனார்.

"ரெட்ரோவைரஸ்ங்கிறது ஒரு பெரிய குடும்பம், ரஃபீக்," என்று ஆரம்பித்தார் ராஜேஸ்வரி. "அதுல ரெண்டு கிளை. எச்.ஐ.வி. ஒரு கிளையில இருக்கு. ஒங்ககிட்ட இருக்கிற ஃபோமி வைரஸ், அதாவது நுரை வைரஸ், அடுத்த கிளை. வளர்ற விதம் வேற, நடந்துக்கிற விதம் வேற. அதனாலதான் தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க. இது ஒங்களுக்கு எய்ட்ஸைக் கொண்டுவராது."

"நுரைன்னு ஏன் பேரு வச்சாங்க?" என்று சல்மா கேட்டாள்.

"லேப்ல செல்லுக்குள்ள விட்டா செல்லெல்லாம் குமிழி குமிழியா வீங்கி சோப்பு நுரை மாதிரி ஆயிடும்மா. பார்க்கவே பயமா இருக்கும். ஆனா உயிரோட இருக்கிற உடம்புல அந்த ஆட்டமெல்லாம் ஆடறதில்ல. குரங்கோட வாய்க்குள்ள பெருகும், எச்சில்ல வரும். அதான் கடியில ஒட்டிக்குது. கோடிக்கணக்கான வருஷமா ஒவ்வொரு வகைக் குரங்கும் தனக்குன்னு ஒரு நுரை வைரஸை வச்சுக்கிட்டு சண்டையில்லாம குடித்தனம் நடத்துது."

"எனக்கு எப்பப் போகும் டாக்டர்?"

"போகாது. நம்ம மரபணுவுக்குள்ளயே தன்னை எழுதிக்கும். ஆயுசுக்கும் கூட இருக்கும். அதை ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா இது வந்தவங்களை வருஷக்கணக்கா கவனிச்சிருக்காங்க. இதனாலதான் இந்த நோய்னு சொல்ற மாதிரி எதுவும் இதுவரைக்கும் பார்க்கல. ஒரு மனுஷர்கிட்டருந்து இன்னொருத்தருக்குப் போனதாவும் தெரியல."

"நான் குடுத்த ரத்தம்?" என்றார் ரஃபீக்.

"குரங்குகளுக்குள்ள ரத்தம் ஏத்தினா பரவுது. மனுஷங்ககிட்ட அப்படி நடந்ததா தெரியல. இருந்தாலும் முன்ஜாக்கிரதையா இனிமே குடுக்க வேணாம். ரத்த வங்கிக்கு நானே சொல்றேன். நீங்க தெரியாமக் குடுத்தது, நல்ல மனசோட குடுத்தது."

ரஃபீக் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. "நீங்க படிச்சவங்க, தைரியமாச் சொல்லிட்டீங்க. சுமக்கிறவனுக்குத்தானே டாக்டர் பயம்?"

ராஜேஸ்வரி இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். பழைய பல்தடங்கள், வெளிறிப்போய்.

"நானும் சுமக்கிறேன் ரஃபீக். மாணவியா இருந்தப்ப கூண்டுல மயக்க ஊசி போடப் போய் வாங்கின கடி. கல்யாணம் பேசியிருந்த நேரம். இவர்கிட்ட சொன்னேன், விட்டுட்டுப் போயிடுங்கன்னு. இவர் போகல. ரெண்டு பிள்ளைங்க, ஒருத்தன் இப்ப என்னைவிட உயரம். அவங்களுக்கும் இல்ல, இவருக்கும் இல்ல. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு. எனக்கு விஷயத்தைச் சொன்ன பேராசிரியர் நான் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. ஒங்களுக்கு அதைச் செய்ய நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேன். மன்னிச்சுக்கங்க."

ரஃபீக் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சல்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த வீட்டு சோபாவில் கரைந்து போனது.

"எங்க வீட்ல எப்பவும் சைவம்தான். யோசிக்காம உட்காருங்க," என்று கமலநாதன் சாப்பிடக் கூப்பிட்டார். ரஃபீக் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். திரும்பும் ரயிலில் அஃப்ரின் அவர் மார்பில் சாய்ந்தபடி தூங்கினாள். சுபாங் ஜெயா நிலையம் வந்தது, போனது. அவர் அசையவே இல்லை.

அடுத்து சல்மாவுக்கும் குழந்தைக்கும் இரத்தம் பார்த்தார்கள். இருவருக்கும் தொற்று இல்லை. ராஜேஸ்வரி இந்த முறை தானே நேரில் வந்து சொன்னார். பழைய இரத்தத்தைப் பெற்றுக்கொண்டவரும் நன்றாக இருக்கிறார் என்று இரத்த வங்கியிலிருந்து பின்னால் தகவல் வந்தது. அன்று ரஃபீக் இறைவனுக்கு நன்றி சொல்லி சுக்ரு ஸஜ்தாவில் விழுந்து வெகுநேரம் எழவில்லை.

நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு டாக்டர் குடும்பத்தைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்தார்கள். சல்மா அவர்களுக்கென்று புதுப் பாத்திரத்தில் காய்கறிப் பிரியாணி வைத்திருந்தாள். விஜயனும் வந்திருந்தார். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். தான் அன்று எய்ட்ஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னதற்காக மூன்று டப்பா பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

ரஃபீக் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நன்றியைச் சொல்ல எழுந்து நின்றார்.

"எனக்கு எம்புள்ளைய திருப்பிக் குடுத்துட்டீங்க டாக்டர்," என்று மட்டும் சொன்னார்.

"நான்தான் ஒங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார் ராஜேஸ்வரி. "வருஷா வருஷம் வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கிறேன்னு ஒத்துக்கிட்டீங்க. நம்மள மாதிரி ஆளுங்க கிடைக்கிறது கஷ்டம். ஒங்களையும் என்னையும் கவனிச்சுத்தான் நாளைக்கு வர்ற ஆளுக்கு இன்னும் உறுதியாப் பதில் சொல்ல முடியும்."

சல்மா குறுக்கே வந்து டாக்டரின் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்தாள். "பேசுனது போதும் அக்கா, ஆறிப்போயிரும், சாப்பிடுங்க."