கடோகனின் வாள்

பிரபு கடோகனின் வலக்கையில் பிடிமானம் போய் ஒரு மாதமாகிறது. அவருக்குக் கவசம் பூட்டிவிடும் பையன் இத்வலுக்கு மட்டும்தான் அது தெரியும். ஊனப்பட்டவனை அந்த மலைநாட்டுப் படை தன் தலைவனாக வைத்துக்கொள்ளாது, கோட்டை அன்றைக்கே தம்பி கைக்குப் போய்விடும். அதனால் இத்வல் வாளை அவர் கையோடு தோல்வாரால் கட்டி, முடிச்சைக் கையுறைக்குள் மறைத்துவிடுவான்.

எல்லைக்கு அப்பால் இருந்த பகைவர்களான சாக்சன்கள்மேல் படை கிளம்பிய காலையில் மன்னர் வந்துவிட்டார். மன்னருக்கு எதிரே பிரபுக்கள் வாளைப் புல்லில் வைத்து வணங்க வேண்டும். இத்வல் அந்த முறையை மறந்தே போயிருந்தான். எல்லோரும் வைத்தார்கள். கடோகன் மட்டும் உருவிய வாளோடு நின்றார்.

"என்ன கடோகா, வாள் கையிலயே முளைச்சிருச்சா?" என்றான் மன்னரின் தளபதி. சிலர் சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை.

இத்வல் ஓடி மண்டியிட்டு, உடம்பால் மறைத்தபடி முடிச்சை அவிழ்த்து, வாளை எடுத்துப் புல்லில் வைத்தான்.

"டேய், மன்னர் முன்னாடி எசமான் வாளையே பிடுங்குறியா? கையை வெட்டிருவாங்க, தெரியும்ல?" என்று தளபதி கத்தினான்.

"தெரியுங்க. எசமான் வைக்கத்தான் போனாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

மன்னர் கடோகனைப் பார்த்தார். "உன் ஆளு. நீ என்னய்யா சொல்ற?"

உண்மையைச் சொன்னால் பையன் கை தப்பும். பெரிய மனிதர்கள் அப்படியெல்லாம் சொல்லிவிடுவார்களா? கடோகன் எங்கோ கொடியைப் பார்த்தபடி, "சட்டப்படி செய்யுங்க" என்றார்.

உண்மையை இத்வலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டைக்கையைத் தானே சுருட்டிக்கொண்டு, தண்டனை நிறைவேற்ற மன்னரோடு வந்திருந்த கோடரிக்காரனிடம் நடந்தான்.